பினாங்குப் படத்தின் இரண்டு புள்ளிகள்

நேற்று வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. உன் மர அலமாரியை நகர்த்த மூன்று பேர் தேவைப்பட்டார்கள். சுவரை விட்டு அதை இழுத்ததும் முதுகுப் பலகையில் மேலிருந்து கீழாக ஒட்டியிருந்த லேபிள்கள் தெரிந்தன. பலகைச் சந்து வழியாகக் கரப்பான் புகுந்து சேலையைக் கடிக்கிறது என்று மைதா பசை காய்ச்சி நீ ஒட்டியவை. பாதி உதிர்ந்துவிட்டன. மிச்சமிருந்தவற்றில் அந்தப் பச்சைக் குருவி கம்பியில் உட்கார்ந்திருந்தது. அதன் காலடியில் 'பஞ்சுருட்டான் பனியன்' என்ற எழுத்து.

பெயிண்டர் தகட்டை எடுத்துச் சுரண்டப் போனார். "சித்த இருப்பா" என்று சொல்லிவிட்டு மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். பழைய காகிதமும் புளித்த மாவும் கலந்த வாசம்.

"இது எந்தூர்க் குருவிங்க அய்யா?" என்று கேட்டார்.

"பாதி பினாங்கு, பாதி சோமனூரு" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு அடுத்த சுவருக்குப் போய்விட்டார். அந்தப் பதில் உனக்கு மட்டும்தான் புரியும். அதனால்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நமக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. ராயபுரத்து வீட்டில் இரண்டு அறை, எட்டுப் பேர். நான் பனியன் கம்பெனி ஆபீசுக்குக் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவேன். நீ அடுப்படியில் அம்மாவோடு இருப்பாய். "சோறு போடட்டுங்களா", "ம்", "போதுங்களா", "போதும்". நான்கு மாதத்தில் நாம் பேசிய பேச்சையெல்லாம் ஒரு தபால் கார்டில் எழுதி முடித்துவிடலாம். உனக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். எனக்கு உன்னைப் பிடிக்கவில்லையோ என்று உனக்குச் சந்தேகம். இதை ரொம்ப நாள் கழித்துத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

அப்போதுதான் பினாங்கிலிருந்து அந்த உறை வந்தது. அங்கே துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் நம் முதலாளிக்கு எழுதியிருந்தார். மூன்று ரகப் பனியன் வேண்டும், மூன்றுக்கும் மூன்று பறவை லேபிள் வேண்டும். பறவைகள் அவர் வீட்டுத் தோட்டத்துக்கு வருபவை. படம் பிடித்து வைத்திருக்கிறார், பெயர் மட்டும் தெரியாது. உங்கள் ஊரில் படித்தவர்களைக் கேட்டு லேபிளில் பெயர் போடவும். தான் ஹஜ் யாத்திரை கிளம்புவதால் மூன்று மாதத்துக்குக் கடிதம் எழுத வேண்டாம், திரும்பி வரும்போது சரக்கு கடையில் இருக்க வேண்டும்.

உள்ளே மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள். பெட்டிக் கேமராவில் எடுத்தவை. ஒன்றில் வெயில் நேரே கண்ணாடியில் விழுந்திருந்தது. ஒன்று எடுக்கும்போது கை ஆடியிருக்கிறது. மூன்றாவதில் இலைதான் தெளிவாக விழுந்திருந்தது. குருவி இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ இருந்தது.

முதலாளி மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். மண்ணில் வெள்ளாமை பார்த்துவிட்டு மெஷினுக்கு வந்தவர், யாரையும் அதட்டிப் பேசாத மனிதர். "ஏப்பா, இங்க நீதான் இங்கிலீசு படிச்சவன். இதென்ன குருவின்னு தெரியுதா?" என்றார்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தச் சொல் அப்போது வாயில் வராது. "கண்டுபுடிச்சுப் போடலாமுங்க" என்றேன்.

மூன்று வாரத்தில் சிவகாசி அச்சகத்துக்கு விவரம் போக வேண்டும். நான் படங்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினேன். டீக்கடையில் காக்காய் என்றார்கள். தையல் பகுதியில் ஒருவர் கோழி என்றார். நூல் தரகர் ஒருவர் படத்தைத் தூரத்தில் பிடித்து, கிட்டே பிடித்து, கடைசியில் இது வாழைப்பூ என்று அடித்துச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் அவிநாசிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் சன்னலோரம் உட்கார்ந்து முதல் படத்தை முறைத்துக்கொண்டிருந்தேன். நீ மோர் கொண்டுவந்து வைத்தாய். வைத்துவிட்டுப் போகவில்லை.

"ஏனுங்க, இது கம்பி இல்லீங்களே" என்றாய்.

அந்தப் படத்தில் குறுக்கே ஒரு மின்கம்பி ஓடியது. குருவிக்குக் கீழே இன்னொரு கம்பி அறுந்து தொங்குவதுபோல் ஒரு சின்னக் கோடு. ஊரே அதைக் கம்பி என்றுதான் பார்த்தது.

"அப்பறம் என்ன?"

"வாலுங்க. கம்பி நல்லாக் கறுப்பா இருக்குது. இது சாம்பலாட்டம் இருக்குது. அதைவிட மெலிசு."

படத்தைக் கேட்டு வாங்கினாய். சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பின்பக்கமிருந்து பார்த்தாய். பிறகு தலைகீழாகத் திருப்பினாய். நான் மோரைக் குடிக்க மறந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்குத் தலகீழா?"

"நேரா வெச்சா மனசு முந்திக்கிட்டுக் காக்கான்னு சொல்லிப்போடுதுங்க. தலகீழா வெச்சா மனசு சும்மா இருக்கும். கண்ணு மட்டும் பாக்கும்." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "எங்கூட்டுத் தறியில பாவு நூல் அறுந்தா நாந்தான் கண்டுபுடிப்பேன். எங்கப்பா எத்தனை நேரம் தேடினாலும் அவருக்குக் கெடைக்காது. வெளிச்சத்துக்கு அந்தாண்ட நின்னு பாத்தா ஒத்தை இழை கூடத் தெரியும்" என்றாய்.

சோமனூரில் உங்கள் வீட்டில் எட்டுத் தறி ஓடியது எனக்குத் தெரியும். அந்த எட்டுத் தறிக்கும் கண் நீதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இது பஞ்சுருட்டானுங்க" என்றாய் கடைசியில். "எங்க தறிக்கொட்டாய்க்குப் பின்னால கம்பியில வரிசையா உக்காரும். பறந்து போய்ப் பூச்சியப் புடிச்சிட்டு அதே எடத்துக்கு வந்து உக்காரும். வால்ல ஊசி சொருகின மாதிரி இருக்கும். இது அதே இல்லீங்க. இதுக்கு ஊசி நீளமா இருக்குது. அதோட சொந்தக்காரக் குருவியா இருக்கும்."

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. பஞ்சை நம்பிப் பிழைக்கிற ஊருக்குப் பஞ்சுருட்டான் என்று ஒரு பறவை. முதலாளி இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று நினைத்து நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அடுத்த வாரம் கதித்தமலைக்குப் போனோம். அம்மாவிடம் முருகனைக் கும்பிடப் போகிறோம் என்று சொன்னேன். "புதுசாக் கல்யாணமானதுக கோயலுக்குப் போறதுக்கு எதுக்குக் கண்ணு கேக்கோணும்?" என்று அம்மா அனுப்பிவைத்தாள். சொன்னது பொய்யில்லை, கும்பிடத்தான் செய்தோம். ஆனால் மலையேறுவதற்கு முன் ஊத்துக்குளி ரோட்டோரம் ஒரு மணி நேரம் நின்று கம்பியில் உட்கார்ந்திருந்த ஏழு பஞ்சுருட்டான்களைப் பார்த்தோம். வழியில் போன ஒரு வண்டிக்காரர், "ஏனுங்க, ஏதாச்சு தொலஞ்சு போச்சுங்களா?" என்று மாட்டை நிறுத்திக் கேட்டார். நீ குருவியைக் காட்டினாய். அவரும் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

இரண்டாவது படம் உனக்கு அரை நாள் வேலை. பறக்கும் பறவை, கை ஆடி எடுத்தது. வாய்க்கு மேலே இன்னொரு வாய் இருப்பதுபோல் இருந்தது. "இதுக்கு ரெண்டு அலகுங்க. இல்லாட்டி அலகு மேல என்னமோ உக்காந்திருக்குது" என்றாய். வால்பாறையில் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த உன் அண்ணன், மலையில் அப்படி ஒரு பறவை பறந்தால் ரயில் எஞ்சின் மாதிரிச் சத்தம் கேட்கும் என்று எப்போதோ சொன்னது உனக்கு ஞாபகம் வந்தது. படத்தை உள்ளே வைத்துக் கடிதம் போட்டோம். எட்டாம் நாள் பதில் வந்தது. இருவாச்சி. ஆனால் தன் மலையில் இருப்பது இன்னும் பெரிசு என்று எழுதியிருந்தார் மச்சான்.

இனி எழுதப்போவதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. இரண்டு பெயரையும் ஆபீசில் நான் கண்டுபிடித்ததாகவே சொன்னேன். முதலாளி முதுகில் தட்டினார். பஞ்சுருட்டான் பனியன் என்று ஐந்தாறு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். டீக்கடையில் என்னை விசாரித்தார்கள். பெருமை தலைக்கேறி, மூன்றாவது படத்தை உன்னிடம் காட்டாமல் நானே முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

கறுப்புப் பறவை, நீண்ட வால். வாலுக்குக் கீழே சற்றுத் தள்ளி இரண்டு கறுப்புப் புள்ளிகள். ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னேன். "அந்தப் புள்ளி ரெண்டும் மருந்து தெறிச்ச கறைங்க. பெரிசு பண்றப்ப டச்சிங் பண்ணி எடுத்துப்போட்டேன்" என்று சுத்தமாக ஒரு படம் கொடுத்தார். கறுப்பு உடம்பு, நீண்ட வால். குயில் என்று முடிவு செய்தேன். முதலாளிக்குப் பரம சந்தோஷம். குயில் பனியன் என்று அன்றைக்கே நான்கு பேரிடம் சொல்லிவிட்டார். விவரம் சிவகாசிக்குப் போய்விட்டது.

போன பிறகுதான் மூலப் படத்தை உன்னிடம் காட்டினேன். புள்ளி இரண்டும் அழுக்கு, பறவை குயில் என்று சொல்லி, பாராட்டு எதிர்பார்த்து.

நீ தலைகீழாகத் திருப்பினாய். சன்னல் பக்கம் கொண்டுபோனாய். "இந்த ரெண்டும் அழுக்கு இல்லீங்க" என்றாய்.

"ஸ்டுடியோக்காரரே சொல்லிட்டார்."

"அழுக்கு சோடியா உக்காராதுங்க. ரெண்டும் ஒரே அளவு. வால்லருந்து ஒரே தூரம். அதும் போக, குயிலுக்கு வாலு இப்பிடிக் கவுட்டையாப் பிரியாது."

"உனக்கென்ன தெரியும்?" என்றேன்.

அடுப்படி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னேன். அம்மா எட்டிப் பார்த்தாள். நீ படத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாய். அடுத்த மூன்று நாள் மறுபடியும் "சோறு போடட்டுங்களா", "ம்". முதல் நான்கு மாதத்து மௌனம் எனக்குப் பழகியிருந்தது. இந்த மூன்று நாள் மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. இப்போது எதை இழந்தேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நான்காம் நாள் ஆபீசில் துணியின் கண்ணிகளை எண்ணுகிற சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் மேல் வைத்தேன். வாலின் நுனியிலிருந்து அந்தப் புள்ளி வரைக்கும் நூலிழை போல ஒரு கோடு ஓடியது. இலை இருந்த இடத்தில் மறைந்து, வெளிச்சம் இருந்த இடத்தில் மறுபடி தெரிந்தது. அடுத்த புள்ளிக்கும் அப்படியே. கண்ணாடியை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். இரண்டு இழையும் அங்கேயேதான் இருந்தன.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சைக்கிளை மிதித்து வந்தேன். நீ அம்மாவோடும் என் தங்கைகளோடும் அடுப்படியில் இருந்தாய். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்று, "நீ சொன்னதுதான் சரி. அது அழுக்கு இல்லை. வாலோட சேர்ந்தது. அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்றேன்.

எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை ஒருவன் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அம்மாதான் முதலில் பேசினாள். "என்னத்தையோ தப்புன்னு ஒத்துக்கிட்டான். அவனுக்குச் சோத்தப் போடு கண்ணு" என்றாள். நீ தட்டை எடுத்து வைத்தாய். அன்று நெய் இரண்டு கரண்டி விழுந்தது.

அடுத்தது முதலாளி. இரவெல்லாம் யோசித்த எதையும் சொல்லாமல் நேராகச் சொல்லிவிட்டேன். குயில் இல்லை. அது என்ன என்று தெரியவில்லை. வாலில் இரண்டு இழை நீண்டு, நுனியில் இரண்டு இறகு தொங்குகிற ஏதோ ஒன்று. முதல் இரண்டு பெயரும் நான் கண்டுபிடித்ததில்லை.

"அப்பறம் யாரு?"

"என்ற சம்சாரமுங்க."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "குயிலுன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டனேப்பா" என்றார் மெதுவாக. அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பாய் அவரு தோட்டத்துல தினமும் பாக்கற குருவி அது. வால வெட்டிப் போட்டாலும் சிரிப்பாரு. இல்லாத வால ஒட்டிப் போட்டாலும் சிரிப்பாரு. அப்பிடி ஒரு குருவி இருக்குதா?"

"தெரியலீங்க. மச்சான் வால்பாறையில இருக்கறாருங்க. இருவாச்சி இருக்கற மலையில இதுவும் இருக்கும்னு அவ சொல்றாளுங்க."

"அப்பப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. சிவகாசிக்கு நிறுத்தி வெக்கச் சொல்றேன். இருந்தா அந்த வாலோட போடறோம். இல்லீன்னா, இங்கிலீசுக் கடுதாசி எழுதறதுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன், கோவிச்சுக்காத." நான் வாசல் வரை போன பிறகு கூப்பிட்டார். "நீ தனியாப் போயி என்னத்தப் பாப்ப? அந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போ."

அப்படித்தான் நமக்கு ஒரு பயணம் வாய்த்தது. பல்லடம், பொள்ளாச்சி, ஆழியாறு, அப்புறம் மலை. வளைவுக்கு வளைவு நீ சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாய். நடுநடுவே "அங்க பாருங்க" என்று பள்ளத்தாக்கைக் காட்டினாய். பின்சீட்டு அம்மாள் ஒருத்தி உனக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து, "எத்தனை மாசம்?" என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். நான் மலையைப் பார்த்தேன். இறங்குகிற வரைக்கும் இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டே வந்தோம்.

மச்சான் வீடு வரிசை வீடுகளில் கடைசி. அதற்கு அப்பால் தேயிலை, அதற்கு அப்பால் சோலைக்காடு. அவருக்கு நாம் வந்ததில் மகிழ்ச்சி, வந்த காரணத்தில் நம்பிக்கையில்லை. "குருவி பாக்க லீவு குடுக்கற மொதலாளிய நான் கேள்விப்பட்டதே இல்லீங்க மாப்பிள்ளை" என்றார்.

முதல் நாள் விடியற்காலையில் சோலை ஓரம் போய் நின்றோம். சாரல். ஒன்றும் வரவில்லை. என் காலில் மூன்று அட்டை கடித்து ரத்தம் வழிந்தது. உப்பு வைத்து எடுத்தாய். இரண்டாம் நாளும் சாரல். இருவாச்சி ஒன்று பறந்து போனது. மச்சான் சொன்னதுபோல எஞ்சின் சத்தம். அதைப் பார்த்ததே லாபம் என்று நான் சமாதானம் சொன்னேன். நீ தலையசைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை மட்டும்தான் மிச்சம். மத்தியானப் பேருந்து.

மூன்றாம் நாள் மழை நின்றிருந்தது. இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பூனை கத்தியது. காட்டுக்குள் பூனை எப்படி என்று பார்த்தோம். அதே மரத்திலிருந்து அடுத்து ஒரு பருந்து கத்தியது. அப்புறம் யாரோ சீட்டி அடித்தார்கள். நீ என் கையைப் பிடித்தாய். கல்யாணத்தன்று பெரியவர்கள் பிடித்துக்கொடுத்த பிறகு வெளியிடத்தில் நீயாகப் பிடித்தது அதுதான் முதல் முறை.

மூன்று குரலிலும் கத்தியது ஒன்றுதான், கறுப்பாக அது கிளையை விட்டு எழும்பியது. நெற்றியில் கொண்டை. நம் வயல்வெளிக் கரிச்சானைப் போலத்தான், ஆனால் அதைவிடப் பெரிசு, எண்ணெய் தேய்த்ததுபோல மினுங்கியது. அது நம் தலைக்கு மேலே வெட்டவெளியைத் தாண்டிப் பறந்தது. அதற்குப் பின்னால், அதைத் தொடாமல், இரண்டு வண்டுகள் துரத்துவதுபோல இரண்டு கறுப்புப் பொட்டுகள் ஏறியும் இறங்கியும் கூடவே போயின. இழை கண்ணுக்குத் தெரியவே இல்லை.

நீ சிரித்தாய். முந்தானை இல்லை, கை இல்லை. சோலை முழுக்கக் கேட்கும்படி, தேயிலை பறிக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்க்கும்படி.

"ஏனுங்க, நம்ம அழுக்கு ரெண்டும் பறக்குதுங்க" என்றாய்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சாரல் என்று சொல்லவும் வழியில்லை, மழைதான் நின்றுவிட்டதே. அது எதிர் மரத்தில் போய் உட்கார்ந்தது. அப்போது பார்த்தோம். மெல்லிய கம்பிபோல இரண்டு நீண்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் துடுப்புப்போல ஒரு சின்ன இறகு. கால் மணி நேரம் அது போகவில்லை, நாமும் போகவில்லை. மத்தியானப் பேருந்து ஏறும்போது மச்சான், "பாத்தாச்சுங்களா?" என்றார். நீ பார்த்ததை அவருக்குக் கையால் நடித்துக் காட்டினாய், இரண்டு ஆட்காட்டி விரலையும் முதுகுக்குப் பின்னால் ஆட்டியபடி. அடுத்த வாரமே தானும் பார்த்துவிட்டதாக அவர் எழுதினார். பதினைந்து வருடமாக அந்தச் சோலை ஓரம் தினமும் நடந்தவர்.

லேபிளில் துடுப்புவால் கரிச்சான் என்று போட்டோம். பெயர் நீளம் என்று முதலாளி சற்று முனகினார். பிறகு அவரே வருகிறவர்களிடமெல்லாம் அந்த வாலைத் தொட்டுக் காட்டி, "இது அழுக்கு இல்லீங்க" என்று கதையை ஆரம்பிப்பார். உன் பெயரை விடாமல் சொல்வார்.

பாய் ஹஜ்ஜிலிருந்து திரும்பி எழுதிய கடிதத்தை நான் உனக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். கரிச்சான் அப்படியே இருக்கிறதாம். இருவாச்சியும் சரி. பஞ்சுருட்டானில் மட்டும் ஒரு குறை. அவர் ஊரில் அதற்குத் தொண்டை நீலம், தலையும் முதுகும் பழுப்புச் சிவப்பு. நாம்தான் நம்மூர்க் குருவியைப் பார்த்து மேலெல்லாம் பச்சை அடித்துவிட்டோம். அடுத்த அச்சில் மாற்றினோம். மிஞ்சிய பச்சை லேபிள்களை முதலாளி உனக்குக் கொடுத்தனுப்பினார், உனக்குத்தான் அது சொந்தம் என்று.

அந்தக் கடிதத்தோடு இன்னும் நான்கு படங்கள் இருந்தன. லேபிளுக்கு அல்ல. சரக்கோடு முதலாளி எழுதிய கடிதத்தில் உன் கதை இருந்தது. 'தங்கள் ரைட்டர் வீட்டு அம்மா பார்வைக்கு' என்று எழுதியிருந்தார். அத்தனையும் முன்பைவிட மோசமாக எடுக்கப்பட்டவை. பாய்க்குக் கை நடுக்கம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. வருடத்துக்கு ஒரு உறையாவது வந்தது. பெரியவள் பிறந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நீ ஒரு படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாய். நர்சு அதை நேராக்கிக் கொடுத்தார். கண்டுபிடித்ததன் பின்னால் உன் உருண்டை எழுத்தில் பெயர் எழுதுவாய். கண்டுபிடிக்க முடியாததன் பின்னால் 'தெரியல' என்று எழுதுவாய். ஏதாவது ஒன்றைப் போட்டுவிடலாமே என்று நான் சொன்னபோது, "தெரியாத குருவிக்குப் பொய்ப் பேரு வெச்சா அது கோவிச்சுக்கும்" என்றாய். பெயர் எழுதியதைவிடத் 'தெரியல' என்று எழுதியவைதான் அதிகம். அவற்றை அனுப்பும்போதெல்லாம் பாய்க்கு இன்னும் சந்தோஷம். தன் தோட்டத்தில் இத்தனை தெரியாத பறவைகள் இருக்கின்றன என்று பெருமையாக எழுதுவார்.

கடைசி வருடங்களில் உன் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷனுக்குத் தேதி தள்ளிக்கொண்டே போனது. நீ கவலைப்படவில்லை. "எல்லாம் பாய் எடுத்த போட்டோவாட்டம்தான் தெரியுது" என்றாய். வாசலில் யார் வந்தாலும், "சித்தத் திரும்பி நில்லுங்க" என்பாய். ஆளின் ஓரம் தெரிந்தால் போதும், பெயரைச் சொல்லிவிடுவாய். மின்கணக்கு எடுக்க வருகிறவரை அவர் பையின் தொங்கலை வைத்துக் கண்டுபிடித்தாய். அவர் மாதாமாதம் கதவருகே வந்ததும் தானாகவே பக்கவாட்டில் திரும்பி நிற்பார்.

நீ போன பிறகு எனக்கும் கண் மங்கிவிட்டது. சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். யாராவது தெருமுனையில் வந்தால் நான் முகத்தைத் தேடுவதில்லை. முகம் என் கண்ணுக்குத் தெரியாது. ஓரத்தைப் பார்க்கிறேன். தோள் எப்படி, கை எப்படி வீசுகிறது, அடி நீளமா குறுகலா. தெரியாவிட்டால், தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வரட்டும் என்று காத்திருக்கிறேன். அதில் எனக்கு இப்போது ஒரு வெட்கமும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை காலை வாசலில் நின்றிருந்தேன். முனையில் ஒரு பெண் திரும்பினாள். வெயில் அவளுக்குப் பின்னால். சேலை நிறம்கூடத் தெரியவில்லை. இடது தோள் கொஞ்சம் ஏறியிருந்தது. பை வலது இடுப்பில். சின்னச் சின்ன அடி, நான்கு அடிக்கு ஒருமுறை சற்று வேகம். நான் முறையாகத்தான் பார்த்தேன், மனதை முந்தவிடாமல். எல்லா அடையாளமும் பொருந்தி வந்தது. நீ.

கிட்டே வந்தபோது அது நம் பெரியவள், அவிநாசிபாளையத்திலிருந்து முதல் பேருந்து பிடித்து வந்திருக்கிறாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்கப்பா தனியாச் சிரிச்சிட்டு நிக்கறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. நீ வந்த வழியிலேயே இன்னொரு தடவை முனை வரைக்கும் போயிட்டு வா" என்றேன்.

பையை வாசலில் வைக்கப் போனாள். பையோடு போ என்றேன். போனாள். திரும்பி வந்தாள்.